ரேஷன் போட்ட வியாழக்கிழமை

எனக்குக் கொடுத்த வேலை சின்னது. படங்களுக்குக் கீழே ஒட்டும் சீட்டுகளை எழுதுவது.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. அதை நடத்துகிறவள் இருபத்தாறு வயதுப் பெண். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சுற்றுவட்டாரத்தில் எல்லாவற்றுக்கும் அவள்தான் படம் எடுக்கிறாள். ஒரு சிறிய அறக்கட்டளை, யாரோ கழித்துவிட்ட டிஜிட்டல் கேமராக்கள் ஆறை அவளிடம் கொடுத்து, கல்வராயன் மலையில் ஓர் ஊரைச் சொல்லி, அங்கே படிக்கிற ஆறு பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டது. பிள்ளைகளை அடிப்பதைப் பற்றிப் பிள்ளைகளே படம் எடுக்க வேண்டும், அதை ஊராருக்குக் காட்ட வேண்டும், அதுதான் திட்டம். இரண்டு சனிக்கிழமை போய்வந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"மேடம், அந்தக் கேமராவுல பேட்டரிய கழட்டினா தேதி அழிஞ்சிப் போவுது. எல்லாப் படமும் ஒரே நாள்ல எடுத்த மாரி காட்டுது. எது முன்ன, எது பின்னன்னே தெரில. நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வப்பீங்களே, கூட வாங்க."

நான் எழுதி வைப்பவள் என்பது தெருவுக்கே தெரியும். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருபத்தேழு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகும் கை நிற்கவில்லை. அணை திறந்த நாள், முதல் மழை பெய்த மணி, பேருந்து நிலையத்தில் பழைய வேப்பமரத்தை வெட்டிய கிழமை என்று நீள நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். சரித்திரப் புத்தகங்களை நிறையப் படித்ததால் வந்த பழக்கம் இது. பெரிய பெரிய அரசர்களின் காலத்தைக்கூட 'ஏறத்தாழ' என்று போட்டிருப்பார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம், பக்கத்தில் ஒருத்தி நோட்டோடு உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எரிச்சல் வரும்.

"நான் செத்தா கூட மொதல்ல மணியப் பாத்துட்டுதான் நீ அழுவ," என்பார் என் கணவர்.

அடுத்த சனிக்கிழமை முதல் பேருந்தில் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறி, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஜீப். முப்பத்தைந்து வீடுகள் இருக்கும். பிள்ளைகள் ஆறு பேரும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவளுக்குப் பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. இந்தக் கதையில் அவளைப் பெரியவள் என்று சொல்கிறேன்.

அவர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மூஞ்சி தெரியக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடிபட்ட பிள்ளையின் முகத்தை எடுத்து ஊருக்குக் காட்டினால் அந்தப் பிள்ளைக்குத்தான் மறுபடி அடி விழும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. முகம் இல்லாமல் எதைத்தான் எடுப்பது என்று இரண்டு வாரம் யோசித்திருக்கிறார்கள். பெரியவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"குச்சிய எடுக்கலாம்."

ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளை அடிக்க ஒரு குச்சி இருக்கும், அதற்கென்று ஓர் இடமும் இருக்கும். அந்த இடத்தோடு சேர்த்துக் குச்சியைப் படம் எடுப்பது. அவ்வளவுதான். எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. எந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு பதிவேடு கிடையாது என்று நினைத்தேன்.

அன்று அவர்களோடு நானும் வீடு வீடாகப் போனேன். கூரை விளிம்பில், எரவாணத்தில் செருகிய புளியம் விளாறு. டிவி பெட்டிக்கு மேலே, ரிமோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு. சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று, அதன் நுனியில் குங்குமம்கூட ஒட்டியிருந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு தாய், "இருடி, ஒட்டட புடிச்சிக் கெடக்குது," என்று குச்சியை எடுத்து முந்தானையால் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்து, "இப்ப எடு," என்றாள். இன்னொரு வீட்டில் குச்சியே இல்லை. அந்த வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வலது கையை விரித்து நீட்டினார்.

"எங்க வூட்ல இதாம்மா. எடுத்துக்க."

பெரியவள் அந்த உள்ளங்கையை எடுத்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. பிறகு கண்காட்சியில் எல்லோரும் அதிக நேரம் நின்று பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

நான் ஒவ்வொரு படத்துக்கும் கிழமை, தேதி, மணி, வீட்டின் திசை எழுதிக்கொண்டேன். நான் வராத நாட்களில் எடுத்த படங்களை எனக்கு எதிரில் ஒவ்வொன்றாகத் திறந்து, எப்போது எடுத்தது என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதினேன். அவர்களுக்குத் தேதி தெரியாது. 'பஸ் வராத அன்னைக்கி', 'கெணத்துல ஆடு வுழுந்த மறுநாளு' என்பார்கள். அதிலிருந்து நான் தேதி கண்டுபிடிப்பேன். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அடிக்கும் குச்சிகளைப் பார்த்த துக்கத்தைவிட இந்தச் சந்தோஷம்தான் எனக்கு அதிகம்.

அடுத்த மாதத்து வகுப்பில் பெரியவள் ஒரு படத்தைக் காட்டினாள். சாணி மெழுகிய தரை. அதில் ஒரு கொய்யாக் குச்சி இரண்டாக முறிந்து கிடந்தது. இரண்டு துண்டுகளையும் யாரோ பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நுனிகளைச் சரிசமமாகச் சேர்த்திருந்தார்கள்.

"இது யார் அடுக்கி வைத்தது?"

"அதுவேதான் மேடம்."

'அது' என்றது அவளுடைய தோழியை. பதினோரு வயது, ஐந்தாம் வகுப்பு. படக்குழுவில் இல்லை. அவளைச் சின்னவள் என்கிறேன். குச்சி முறிந்தது சின்னவளின் முதுகில். அவள் அப்பா அடித்தது. தண்ணீர்க் குடத்தைப் போட்டு நெளித்துவிட்டாளாம்.

நான் கேட்ட முதல் கேள்வி, "எப்போ?"

"அடிச்சது பொதங்கெழம சாயந்தரம். நான் எடுத்தது மறுநாளு. ரேஷன் போட்டாங்க இல்ல, ஊரே அங்க போயிடுச்சி. அதுக்கு முதுவு வலின்னு அது போவல, ஸ்கூலுக்கும் போவல. நானும் அன்னைக்கி லீவு. கூப்ட்டுச்சி. போனேன், எடுத்தேன், வந்துட்டேன்."

"மணி?"

"பதினொண்ணு, பதினொண்ணரை இருக்கும்."

எழுதிக்கொண்டேன். முதுகு இப்போது எப்படி இருக்கிறது என்று ஸ்டூடியோப் பெண்தான் கேட்டாள். நான் கேட்கவில்லை.

முதலில் கண்காட்சி கள்ளக்குறிச்சியில் ஒரு நூலகத்தின் மாடியில் நடந்தது. கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டிருந்தோம். ஒவ்வொன்றின் கீழும் என் சீட்டு. பெயர் எதுவும் கிடையாது, ஊர்ப் பெயரும் கிடையாது. முறிந்த குச்சியின் சீட்டில் இப்படி எழுதியிருந்தேன்: 'கொய்யாக் குச்சி. முறிந்தது புதன் மாலை. படம் எடுத்தது வியாழன் பகல் பதினொன்றரை.' பக்கத்தில் தேதி. மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரர்கள் வந்தார்கள், படித்தார்கள், சிலர் அழுதார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பிரம்புப் படத்தின் முன்னால் நின்று, "நானும் வச்சிருந்தேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் என்னிடம் வந்து, "சீட்டு ரொம்ப நல்லா இருக்குது, தேதி போட்டதாலதான் நெஜம்னு தோணுது," என்றார். அந்த வாக்கியத்தை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிமலையில் வைப்பதாக ஏற்பாடு. ஸ்டூடியோப் பெண் முந்தின நாள் வந்தாள்.

"மேடம், மேல வைக்கும்போது சீட்டு வேணாம். வெறும் நம்பர் போட்டுக்கலாம்."

"ஏன்? பெயர் எதுவும் இல்லையே."

"இல்லதான். ஆனா அவங்க ஊரு ஆளுங்க பாப்பாங்க. எனக்கு ஒரு மாரி இருக்குது."

"தேதியை வைத்து யாரைக் கண்டுபிடிக்க முடியும்? கீழே எல்லாரும் சீட்டைத்தான் படித்தார்கள். தேதி இல்லாவிட்டால் எங்கேயோ எப்போதோ நடந்தது என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்."

அவள் கொஞ்ச நேரம் கையிலிருந்த லென்ஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னைவிட முப்பத்தைந்து வயது இளையவள். "சரிங்க மேடம்," என்று போய்விட்டாள். அவள் எதிர்த்துப் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிமலையில் ஒரு கூடத்தின் வராந்தா. பிள்ளைகளின் ஊரிலிருந்து இரண்டு ஜீப் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கீழே நூலகத்தில் இருந்த அமைதி இங்கே இல்லை. ஒரே கூச்சல்.

"ஏய், இது நம்ம வூட்டு எரவாணம்டி!"

"உன் குச்சியப் பாரு, நோஞ்சானா கீது. அதான் உம் புள்ள உருப்படல."

"தா, மாமங் கைய போட்டுக்கிறாங்க பாரு! மாமா, உன் கைக்கி மால போடலாமா?"

உள்ளங்கைக்காரர் தன் படத்தின் முன்னால் நின்று முதலில் சிரித்தார். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அங்கிருந்து நகர்ந்து போய், கடைசி வரை தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குச்சியைத் துடைத்துக் கொடுத்த தாய் தன் மகளின் தலையில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ நடந்துகொண்டிருந்தது, அதை என்னாலும் உணர முடிந்தது.

முறிந்த குச்சியின் முன்னால் ஒருவர் நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தார். சீட்டின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் சுற்றிலும் பார்த்தார். நான் நோட்டோடு உட்கார்ந்திருந்ததால் என்னிடம் வந்தார்.

"இது நீங்க எழுதினதுங்களா?"

"ஆமாங்க."

"வியாழக்கெழமன்னு போட்டிருக்கீங்க. இது ரேஷன் போட்ட வியாழனுங்களா, அதுக்கு முந்தின வியாழனுங்களா?"

கீழே கண்காட்சியில் நூறு பேர் வந்தார்கள், ஒருவர்கூட ஒரு தேதியைச் சரிபார்க்கவில்லை. இங்கே ஒருவர் சரிபார்க்கிறார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நோட்டைப் பிரித்து, அந்தப் பக்கத்தை எடுத்து, விரலால் தொட்டுக் காட்டினேன்.

"ரேஷன் போட்ட அதே வியாழன்தாங்க. எழுதி வைத்திருக்கிறேன், பாருங்க."

அவர் பார்த்தார். "சரிங்கம்மா," என்றார். கைகூப்பினார். போய்விட்டார்.

யார் அவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூரத்தில் பெரியவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியவள் அவள் அம்மாவின் போனிலிருந்து பேசினாள். குரலை அடக்கிப் பேசினாள்.

"மேடம், நீங்க நோட்டக் காட்டினீங்க இல்ல, அவருதாங்க அதோட அப்பா. ரேஷன் அன்னைக்கி அவங்க வூட்ல அது மட்டும்தான் இருந்திச்சி, அதுதான் கதவத் தொறந்து வுட்டுக்கீது, அதுதான் பொதங்கெழம அடிச்சதயும் சொல்லிக்கீதுன்னு அவரே கண்டுபுடிச்சிட்டாரு. ஞாயித்துக்கெழமயே அடி. கை வீங்கிக் கெடக்குது. ஸ்கூல நிறுத்திட்டாங்க. மொளவுத் தோட்டத்துக்கு ஆளுங்க போறாங்க, வண்டி வருது. இதயும் கூட்டிக்கினு போயிடுவாங்களாம்."

"வண்டி எப்போ வருது?"

"வெள்ளிக்கெழமன்னு சொல்றாங்க."

மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக மிளகு பறிக்கவும் காப்பிக்கொட்டை பறிக்கவும் வெளி மாநிலத்துக்குப் போவார்கள். போனால் மாதக்கணக்காகும். அப்படிப் போன பிள்ளை திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் உட்காருவது கஷ்டம். பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது தடுத்தால்தான் உண்டு.

போனை வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியத்தை இதுவரை என் கணவரிடமும், எழுத்தில் ஒரே ஒரு இடத்திலும்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். நோட்டை எடுத்தேன். முறிந்த குச்சியைப் பற்றிய ஐந்து வரிகளையும் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்தேன். பின்பக்கம் ஊறும் அளவுக்கு அடித்தேன். அந்தப் பிள்ளையின் பாதுகாப்புக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நாளைக்கு யாராவது வந்து, "நீங்கதானே அவருக்குக் காட்டினீங்க?" என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் என் நினைப்பு.

அலுவலகத்தில் இருபத்தேழு வருடத்தில் நான் ஒரு பதிவையும் இப்படி அடித்ததில்லை. தவறாக எழுதிவிட்டால் சிவப்பு மையில் மெல்லிய ஒற்றைக் கோடு. அடியிலுள்ள எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

புதன்கிழமை ஸ்டூடியோப் பெண் என்னை அழைத்துக்கொண்டு குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி என்னைவிடச் சில வயது இளைய பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நாளைக்கே ஆள் அனுப்பறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். போய்க் கேட்டா, ஓடையில வழுக்கி விழுந்துட்டாம்பாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களும் அதையே சொல்லுவாங்க. இதுக்கு முன்னாடி அடிச்சதுக்கு ஏதாவது இருக்குதா? யாராவது பாத்தவங்க?"

மறுநாள் போய்ப் பார்த்தவள் பெரியவள்தான். அவளைச் சாட்சிக்கு இழுத்தால் அதே ஊரில் அவள் எப்படி இருப்பாள்? ஸ்டூடியோப் பெண் அதை யோசித்துத்தான் என்னைக் கூட்டி வந்திருக்கிறாள். என் பக்கம் திரும்பினாள்.

"இவங்க அப்பவே எழுதி வச்சிருக்காங்க மேடம். அடிச்ச நாளு, படம் எடுத்த நாளு, எல்லாம் அவங்க கைப்பட. அந்த நோட்டு போதும் இல்ல? புள்ளைங்க யாரும் பேச வேணாம் இல்ல?"

"போதும்," என்றார் அதிகாரி. "பெரியவங்க கையெழுத்துல அப்பவே எழுதினதுன்னா நல்லது. கொண்டு வந்திருக்கீங்களா?"

நோட்டு என் கைப்பையில் இருந்தது. பையை மடியில் வைத்திருந்தேன்.

"வீட்டில் இருக்கிறது," என்றேன். "நாளைக்குக் கொண்டு வருகிறேன்."

வியாழக்கிழமை நான் போகவில்லை. காய்ச்சல் என்று ஸ்டூடியோப் பெண்ணுக்குத் தகவல் சொல்லிவிட்டேன். அன்று அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் மலைக்குப் போயிருக்கிறார். ஓடையில் வழுக்கி விழுந்தாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சின்னவளும் அப்படியே சொல்லியிருக்கிறாள். போனவர் கையில் காட்ட ஒரு தாள் இல்லை. கை சரியானதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அன்று சாயந்தரம் என் கணவர் தேடும்போது நான் சமையலறையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா, ஜொரம்னு சொன்ன, ஒடம்பு சில்லுனு கீது?"

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் அந்தக் கறுப்பைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். என்னை எப்போதும் கேலி பேசும் மனுஷன் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

"உனக்கு மனப்பாடமா தெரியும் இல்ல அது?"

"தெரியும்."

"அப்ப போயி எழுதிக் குடு. அடிச்சதயும் சேத்து எழுது."

"இப்போது அலுவலகம் மூடியிருக்கும்."

"நாளைக்கி தொறப்பாங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு அவரே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரியின் முன்னால் நோட்டை வைத்தேன். அடித்த வரிகளில் என்ன இருந்தது, எந்தக் கிழமை எழுதினேன், எந்தக் கிழமை அடித்தேன், ஏன் அடித்தேன், புதன்கிழமை நோட்டு என் பையிலேயே இருந்தது என்பது வரை ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டூடியோப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுத எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியை முடித்ததும் கேட்டாள்.

"ஆபீஸ்ல இருந்தப்போ இப்படி எதையாவது அடிச்சிருக்கீங்களா மேடம்?"

"இல்லை."

அவள் தாளை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள்.

அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். வண்டி கேட்டுப் போன் பேசினார். மறுமுனையில் யாரோ ஏதோ சொன்னார்கள். கேட்டுக்கொண்டே அவர் மெதுவாக உட்கார்ந்தார். வேன் விடியற்காலையிலேயே வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம்.

புதன்கிழமை மதியம் நான் கைப்பையைத் திறந்திருந்தால், அடித்த நோட்டானாலும் அதைக் கொடுத்து இதே ஒன்றரைப் பக்கத்தை எழுதியிருந்தால், வியாழக்கிழமை மலைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார். இதை நான் எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு விடை வரவில்லை.

அதிகாரி விடவில்லை. என் தாளை வைத்து அந்த மாநிலத்து அலுவலகங்களுக்கு எழுதினார், பேசினார். எந்தத் தோட்டம் என்று கண்டுபிடிக்கவே நாள் ஆனது. பத்தொன்பதாவது நாள் சின்னவளைக் கூட்டி வந்தார்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் அவள் அம்மாவும் வந்து நின்றாள். பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கட்டும் என்று முடிவானது. கீழ்நாட்டில் ஒரு பள்ளி. ஊர் சொல்லப் போவதில்லை. அப்பா அங்கே வருவதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும்.

அந்தப் பத்தொன்பது நாளும் நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. மழை பெய்ததா என்றுகூட எழுதவில்லை.

மலையில் அதற்குப் பிறகு எதுவுமே மாறவில்லை என்று சொல்ல முடியாது. உள்ளங்கைக்காரர் தன் படத்தைக் கேட்டு வாங்கிப்போனார். மாட்டி வைத்திருக்கிறாரா, கிழித்துப் போட்டாரா தெரியாது. மூன்று வீடுகளில் குச்சி இருந்த இடத்தில் குச்சி இல்லை என்று பிள்ளைகள் அதையும் படம் எடுத்து வந்தார்கள், வெறும் எரவாணத்தை. வகுப்பு நடக்கிறது. நான் போவதில்லை. படங்களுக்கு இப்போது நம்பர் மட்டும்தான். நம்பரையும் பிள்ளைகளே கலைத்துப் போடுகிறார்கள், வரிசை தெரியக் கூடாது என்று.

சின்னவளைப் பார்க்க விடுதியில் அனுமதி கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூடியோப் பெண் பெரியவளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். அவள் யோசித்து, "வாங்க, ஆனா மொதல்ல அது கிட்ட கேட்டுக்கலாம்," என்றாள். வாசலுக்கு எதிரில் ஒரு டீக்கடை. அங்கே நான் உட்கார்ந்தேன். பிஸ்கட்டும் தலைக்குக் கட்ட ஒரு ரிப்பனும் வாங்கிப்போயிருந்தேன். அதைப் பெரியவளிடம் கொடுத்தனுப்பினேன். என்னைப் பார்க்க விருப்பமா என்று கேட்டுவிட்டு வந்து சொல்லச் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெரியவள் மட்டும் வெளியே வந்தாள். அழுத முகம், ஆனால் வந்ததும் நிறையப் பேசினாள்.

"நல்லாத்தான் கீது மேடம். கொஞ்சம் சத போட்டுக்கீது. எடது கைய மட்டும் முழுசா மேல தூக்க முடியல, இவ்ளோதான் வருது." தன் கையைத் தோள் வரை தூக்கிக் காட்டினாள். "ஜட பின்னிக்க முடியல, பக்கத்துப் பொண்ணு பின்னி வுடுதாம். சோறு நல்லாக்கீதாம். இங்க தனி வகுப்புல போட்டுக்கிறாங்க, அது..."

எந்த வகுப்பு, அதில் எத்தனை பேர், எந்த வரிசையில் அவள் உட்காருகிறாள் என்று வரிசையாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் வந்திருப்பதைச் சொன்னாயா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாள்?"

பெரியவள் செருப்புக் காலால் மண்ணைத் தள்ளினாள்.

"வர வேணாம்னு சொல்லிச்சி. பிஸ்கட்டு வாங்கிக்கிச்சி. ரிப்பன் வாங்கிக்கல." பையிலிருந்து அதை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அப்புறம், நான் எந்த வகுப்பு, எங்க உக்காந்துக்கினு கீறேன்னு மட்டும் அந்த மேடம் கிட்ட சொல்லாதன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, சொல்லிட்டேனே."

"பரவாயில்லை."

"எழுதிக்காதீங்க மேடம்."

"எழுத மாட்டேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். கையில் டீ கிளாஸ்தான் இருந்தது. பிறகு கைப்பையைப் பார்த்தாள். நான் பையைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தயங்கவில்லை. உள்ளே கையை விட்டு, மூக்குக் கண்ணாடிக் கூடு, சில்லறைப் பை, பேருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றாக விலக்கி, நோட்டு இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் விடுதிக்குள் திரும்பிப் போனாள்.